சாயாத படகு கவிழாதா? இரட்டைக்கூட்டுப் பாய்ப்படகைப் பற்றி ஓர் எளிய விளக்கம்

கனடாவிலோ பிரான்சிலோ இருக்கும் சொந்தக்காரர் யாராவது கோடை விடுமுறைக்குக் கிரேக்கத் தீவுப் பக்கம் போய், இரண்டு உடல் உள்ள வெள்ளைப் பாய்ப்படகில் ஒரு கிழமை தங்கினால் போதும். அந்த வீடியோ கிளிநொச்சி, முல்லைத்தீவுக் கைபேசிகள் எல்லாவற்றையும் ஒரு சுற்றுச் சுற்றி வந்துவிடும். பாய் விரிந்திருக்கும், படகு ஓடிக்கொண்டிருக்கும், மேசையில் வைத்த தேத்தண்ணிக் கோப்பை அப்படியே நிற்கும். பிறகு கதை தொடங்கும். "இது கவிழவே கவிழாதாம்." "அடியிலை ஈயம் போட்டிருக்கிறாங்களாம், அதுதான் இப்பிடி நிக்குது." "முல்லைத்தீவிலை ரெண்டு விட்டால் சனம் வரிசையிலை நிற்கும்."

இதில் முதலாவது கதை ஆபத்தானது. இரண்டாவது முழுத் தலைகீழ். மூன்றாவதைக் கடைசியில் பார்ப்போம்.

எந்தப் படகைப் பற்றிப் பேசுகிறோம்

ஒரே அளவான, ஒடுங்கிய இரண்டு உடல்களை இடைவெளி விட்டுப் பக்கம் பக்கமாக வைத்து, மேலே ஒரு தளத்தால் இணைத்தால் அதுதான் கட்டமரான் வகைப் படகு. தண்ணீரில் இருக்கும் ஒவ்வோர் உடலையும் இங்கே 'கூடு' என்போம். மேலே இரண்டையும் சேர்ப்பது 'இணைப்புத் தளம்'. அந்தத் தளத்தில் மேசையும் இருக்கையும் இருக்கும், கூடுகளுக்குள் படுக்கை அறைகள் இருக்கும். குசினி சிலவற்றில் மேலே, சிலவற்றில் கூட்டுக்குள்.

கணவன் மனைவியோ இரண்டு பிள்ளைகளோடு ஒரு குடும்பமோ தாங்களே ஓட்டிப் போகக்கூடிய சிறிய வகை, பெரும்பாலும் 10 முதல் 11.5 மீற்றர் நீளம். அமெரிக்காவின் மேரிலாந்தில் கட்டப்பட்ட ஜெமினி 105 எம்சி நீளம் 10.2 மீற்றர், அகலம் 4.27 மீற்றர். பிரெஞ்சுப் படகான மாஹே 36 நீளம் 11, அகலம் 5.9. லகூன் 380 நீளம் 11.55, அகலம் 6.53. நீளம் கிட்டத்தட்ட ஒன்றுதான், அகலத்தில்தான் பெரிய வித்தியாசம். இந்த அகலத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

நம் கரையில் பார்த்த கட்டுமரத்தோடு இதைக் குழப்ப வேண்டாம். அது மரக்குற்றிகளைச் சேர்த்துக் கட்டியது. மரமே தண்ணீரை விட இலேசு என்பதால் மிதக்கும், அலை மேலால் ஏறி வழிந்து போகும். இதுவோ உள்ளே வெறுமையான இரண்டு கூடு. இதற்கு மூதாதை தேடினால் பசிபிக் தீவுகளின் இரட்டைத் தோணிகளிடம் போக வேண்டும். அந்தப் பழைய முறையைப் பின்பற்றிச் செய்த ஹொக்குலேயா 1976 இல் கருவிகள் இல்லாமல் ஹவாயிலிருந்து தாஹிட்டி வரை போனது. மேற்கு நாட்டவர் இதை வெகுகாலம் சந்தேகத்தோடுதான் பார்த்தார்கள். 1876 இல் நதானியேல் ஹெரஷோஃப் என்ற அமெரிக்கர் இரட்டைக்கூட்டுப் படகு ஒன்றைக் கட்டி நியூயோர்க் போட்டியில் எல்லாரையும் முந்தினார். பரிசு கிடைத்ததோ இல்லையோ, அந்த வகைப் படகையே போட்டிக்கு வெளியே தள்ளிவிட்டார்கள். 1950களின் நடுவில் ஆங்கிலேயரான ஜேம்ஸ் வாரம், தானே கட்டிய 7 மீற்றர் அளவான படகில் இரண்டு தோழியரோடு அத்திலாந்திக்கைக் கடந்த பிறகுதான் 'சின்னப் படகிலும் முடியும்' என்ற எண்ணம் பரவத் தொடங்கியது.

வைக்கோல் ஏற்றிய பெட்டி

அறுவடை முடிந்து, வைக்கோலை உச்சி வரை ஏற்றிய உழவு இயந்திரப் பெட்டி வயற்பாதையில் வருவதை நினைத்துப் பாருங்கள். ஒரு பக்கச் சில்லு பள்ளத்தில் இறங்கினாலும் பெட்டி கொஞ்சம்தான் சரியும். பாரம் இன்னும் இரண்டு சில்லுக்கும் நடுவில்தான் இறங்குகிறது. பெட்டி புரள வேண்டுமென்றால் மற்றப் பக்கச் சில்லு நிலத்தை விட்டு எழும்ப வேண்டும். எழும்பும் வரைக்கும் பெட்டி தன் முழுப் பாரத்தாலும் எதிர்க்கும். எழும்பிய பிறகுதான் விஷயம் மாறுகிறது. சில்லு உயர உயர எதிர்ப்புக் குறைந்துகொண்டே போகும். ஒரு கட்டத்தில் பாரம் கீழ்ச் சில்லுக்கு வெளியே போய்விடும். அதுவரை பெட்டியைக் காப்பாற்றிய அதே பாரம் இப்போது பெட்டியைப் புரட்டும். புரண்ட பெட்டி தானாக எழும்பாது, ஊரைக் கூப்பிட வேண்டும்.

இரட்டைக்கூட்டுப் படகின் கதை ஏறத்தாழ இதுதான். சில்லுக்குப் பதில் கூடு, பள்ளத்துக்குப் பதில் பாயில் அடிக்கும் காற்று. ஆனால் நிலம் கெட்டி, தண்ணீர் அப்படி இல்லை. அதனால் தண்ணீர் எப்படித் தாங்குகிறது என்று ஒருமுறை பார்த்துவிட வேண்டும்.

தண்ணீர் தாங்கும் விதம்

அலம்பில் பக்கம் பைபர் படகில் வலை இழுப்பவர்களைக் கவனித்தால் இது கண்ணுக்குத் தெரியும். இரண்டு பேர் ஒரே பக்க விளிம்பில் நின்று ஈர வலையை இழுக்கிறார்கள். அந்தப் பக்கம் அமிழ்கிறது, விளிம்புக்கும் தண்ணீருக்கும் ஒரு சாண் இடைவெளி இருக்கும்போது சரிவு நின்றுவிடுகிறது. வலை பாரம் கூடினால் வயதானவர் ஒருவர் ஒன்றும் பேசாமல் மற்றப் பக்கம் போய்க் குந்திக்கொள்வார். சரிவு ஏன் பாதியில் நின்றது?

சாதாரண தரத்தில் விஞ்ஞானம் படித்தவர்களுக்கு மேலுதைப்பு நினைவிருக்கும். படகு எவ்வளவு தண்ணீரை இடம்பெயர்க்கிறதோ, அந்தத் தண்ணீரின் நிறையளவு விசை படகை மேலே தள்ளும். அந்தத் தள்ளல் எல்லாம் ஒரே புள்ளியில் நடப்பதாக எடுத்துக்கொண்டால் அந்தப் புள்ளி 'மிதப்பு மையம்'. படகின் பாரம் எல்லாம் ஒரே புள்ளியில் இருப்பதாக எடுத்துக்கொண்டால் அது 'புவியீர்ப்பு மையம்'. படகு நேராக நிற்கும்போது இரண்டும் ஒரே நேர்கோட்டில், ஒன்றின் மேல் ஒன்றாக இருக்கும்.

படகு ஒரு பக்கம் சரிந்தால் அந்தப் பக்கத்தில் கூடுதல் உடல் தண்ணீருக்குள் போகிறது. ஆகவே மிதப்பு மையமும் அந்தப் பக்கம் நகர்கிறது. இப்போது பாரம் நடுவில் கீழே இழுக்கிறது, தண்ணீர் ஓரத்தில் மேலே தள்ளுகிறது. இரண்டும் சேர்ந்து படகை நிமிர்த்தப் பார்க்கின்றன. இந்த முயற்சியின் பெயர் 'நிமிர்த்தும் திருப்பம்'. அதன் அளவு, படகின் பாரத்தை, பாரம் கீழே இழுக்கும் கோட்டுக்கும் தண்ணீர் மேலே தள்ளும் கோட்டுக்கும் இடையிலுள்ள தூரத்தால் பெருக்கினால் வரும்.

சுருங்கச் சொன்னால், மிதப்பு மையம் எவ்வளவு வேகமாகவும் எவ்வளவு தூரமும் ஓரத்துக்கு ஓடுகிறதோ, படகு அவ்வளவு முறைப்பாக நிற்கும்.

ஈயமா, அகலமா?

பாய்ப்படகை நிமிர்த்தி வைக்க இரண்டு வழி உண்டு. ஒற்றைக்கூட்டுப் படகு ஒடுங்கியது, மிதப்பு மையம் அதிக தூரம் ஓட இடமில்லை. அதனால் அடியில் ஆழமாக இறங்கும் ஏராவில் ஈயத்தையோ இரும்பையோ வைக்கிறார்கள். படகின் மொத்தப் பாரத்தில் மூன்றிலொரு பங்கை ஒட்டி அதுவே இருக்கும். அந்தப் படகு காற்றில் தாராளமாகச் சாயும், 20 பாகை சாய்ந்தபடி நாள் முழுக்க ஓடுவது அதற்குச் சாதாரணம். ஆனால் சாயச் சாய அடியிலுள்ள ஈயம் வெளியே தள்ளிப் போய் இன்னும் பலமாக இழுக்கும். பாய் தண்ணீரைத் தொடும் அளவுக்குச் சரிந்தாலும் பெரும்பாலும் எழும்பிவிடும்.

இரட்டைக்கூட்டுப் படகில் ஈயமே இல்லை. ஈயம் போட்டிருக்கிறார்கள் என்ற பேச்சு தலைகீழ் என்றது இதனால்தான். அங்கே வேலை செய்வது அகலம். படகு ஒரு பாகை சரிந்தாலே ஒரு கூடு அமிழ்ந்து மற்றது உயர்கிறது, மிதப்பு மையம் உடனே ஓரத்துக்கு ஓடுகிறது. தேத்தண்ணிக் கோப்பை நின்ற இரகசியம் அவ்வளவுதான்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். படகின் பாரம் 6 தொன், ஒரு கூட்டின் நடுவிலிருந்து மற்றக் கூட்டின் நடுவுக்கு 4.5 மீற்றர் என்று வைத்துக்கொள்ளுங்கள். காற்றுப் பக்கத்துக் கூடு தண்ணீரை விட்டு எழும்பும் அந்த நொடியில் மேலுதைப்பு முழுவதும் மற்றக் கூட்டிலிருந்துதான் வருகிறது. தூரம் பாதி அகலம், 2.25 மீற்றர். ஆகவே நிமிர்த்தும் திருப்பம் 6 × 2.25 = 13.5 தொன்-மீற்றர். இதற்கு மேல் அந்தப் படகால் எதிர்க்க முடியாது. அந்த நேரத்தில் படகு பத்துப் பாகையை ஒட்டித்தான் சரிந்திருக்கும். அதற்குப் பிறகு எதிர்ப்பு இறங்குமுகம்தான், 90 பாகைக்குக் கிட்டப் போகும்போது ஒன்றுமே இருக்காது.

ஒற்றைக்கூட்டுப் படகு சாயச் சாய எதிர்ப்பைக் கூட்டுகிறது. இரட்டைக்கூட்டுப் படகு தன் முழு எதிர்ப்பையும் முதல் சில பாகைகளுக்குள் காட்டி முடித்துவிடுகிறது. சாயாதது வேறு, கவிழாதது வேறு என்பது இங்கே தெரியும். ஜெமினியின் 4.27 மீற்றர் அகலத்தைப் பார்க்கும்போது படகுக்காரர்கள் கொஞ்சம் யோசிப்பதும் இதனால்தான். சாதாரணப் படகுத்துறையில் ஒற்றைக்கூட்டுப் படகுக்குரிய இடத்துக்குள்ளேயே நிறுத்தலாம் என்பதற்காக அகலத்தை விட்டுக்கொடுத்த படகு அது. நிறுத்துமிடத்துக்கு அகலக் கணக்கில் காசு வாங்கும் ஊர்களில் அது நல்ல வியாபாரம், ஆனால் பாயைக் குறைப்பதில் இன்னும் கவனம் தேவை.

காற்றின் கணக்கு

சரி, 13.5 தொன்-மீற்றரை எட்ட எவ்வளவு காற்று வேண்டும்? பாய்களின் பரப்பு 60 சதுர மீற்றர், காற்றின் தள்ளல் சராசரியாக 7 மீற்றர் உயரத்தில் விழுகிறது என்று எடுப்போம். 13.5 ஐ 7 ஆல் வகுத்தால் ஏறத்தாழ 1.9 தொன். மணிக்கு 37 கிலோமீற்றர் காற்று இந்தப் பாயில் பக்கவாட்டில் தள்ளும் விசை அரைத் தொன்னுக்குக் கொஞ்சம் குறைவு. எல்லையில் கால்வாசி. மேசையில் கோப்பை நிற்கிறது, பிள்ளைகள் கரம் விளையாடுகிறார்கள், எல்லாருக்கும் நிம்மதி.

ஆனால் காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் தள்ளல் நாலு மடங்கு. அதே முழுப் பாயோடு 75 கிலோமீற்றர் காற்றில் மாட்டினால் அந்த அரைத் தொன் 1.9 தொன்னாகிவிடும், எல்லை அதுதான். மாலையில் இடிமழை வரும் நாட்களில் வானிலை அறிவிப்பில் 'தற்காலிகமாக மணிக்கு 60 முதல் 70 கிலோமீற்றர் வரை' என்று சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். 70 இல் தள்ளல் எல்லையில் 80 வீதத்தைத் தாண்டிவிடும். அந்த நேரம் பார்த்துப் பக்க அலை ஒன்று காற்றுப் பக்கத்துக் கூட்டைத் தூக்கிவிட்டால் மிச்சத்தையும் அதுவே கொடுத்துவிடும்.

ஒற்றைக்கூட்டுப் படகாக இருந்தால் இவ்வளவு தூரம் போகுமுன்பே அது சொல்லிவிடும். நன்றாகச் சாயும், குசினியில் சட்டி விழும், சாய்ந்த பாயிலிருந்து காற்றும் வழிந்து போகும். யாராவது எழும்பிப் போய்ப் பாயைக் குறைப்பார்கள். இரட்டைக்கூட்டுப் படகு அப்படி ஒன்றும் சொல்லாது. காற்று வழிந்து போகவும் வழியில்லை, ஏனென்றால் பாய் நேராகவே நிற்கிறது. காற்றின் பலம் முழுவதும் கயிற்றிலும் பாய்மரத்திலும் ஏறுகிறது.

ஆகவே இந்தப் படகில் சாய்வைப் பார்த்துப் பாயைக் குறைக்கக் கூடாது, காற்றுமானியைப் பார்த்துக் குறைக்க வேண்டும். படகு கட்டுபவர்கள் இதற்கென்று ஓர் அட்டவணை கொடுப்பார்கள்: இத்தனை வேகத்துக்கு முதல் சுருக்கு, இத்தனைக்கு இரண்டாவது சுருக்கு என்று. 'சுருக்கு' என்றால் பாயின் அடிப்பகுதியை மடித்துக் கட்டிப் பரப்பைக் குறைப்பது. அதுவும் சராசரிக் காற்றைப் பார்த்துச் செய்தால் போதாது, இடையிடையே வந்து அறையும் பலத்த வீச்சைப் பார்த்துச் செய்ய வேண்டும். கணவன் மனைவி இருவர் மட்டும் போகும் படகில் இரவில் ஒருவர் தூக்கம், ஒருவர் காவல். என் அபிப்பிராயம், அப்படிப் போகிறவர்கள் பொழுது படுவதற்கு முன்பே ஒரு சுருக்குப் போட்டுவிட வேண்டும். வேகம் கொஞ்சம் குறையும், குறையட்டும்.

பாரம் என்ற எதிரி

இந்தப் பகுதிதான் வீடியோவில் வருவதே இல்லை. படகில் இடம் தாராளமாக இருப்பதால் எதையும் ஏற்றலாம் என்று தோன்றும். அந்த இடத்தைப் பார்த்துத்தான் எல்லாரும் ஏமாறுகிறார்கள்.

கூடுகள் ஒடுங்கியவை. ஒடுங்கிய கூடு தண்ணீரைப் பெரிய அலையாகத் தள்ளாமல் கிழித்துப் போகும், அதனால்தான் வேகம். ஆனால் ஒடுங்கிய கூடு பாரத்துக்கு இலகுவாக அமிழும். நம் 6 தொன் படகில் இரண்டு கூடும் நீர்மட்டத்தில் பிடிக்கும் பரப்பு 15 சதுர மீற்றர் அளவில் இருக்கும் என்று வைத்தால், ஒவ்வொரு 150 கிலோவுக்கும் படகு 1 சென்ரிமீற்றர் இறங்கும். குடிதண்ணீர் 400 லீற்றர், டீசல் 200 லீற்றர், நங்கூரமும் சங்கிலியும், பற்றரிகள், சாப்பாட்டுச் சாமான், நாலு பேர், அவர்களின் பெட்டிகள் எல்லாம் சேர்ந்தால் ஒன்றரைத் தொன் வந்துவிடும். வன்னிக் கணக்கில் இருபது நெல் மூட்டைக்கு மேல். படகு 10 சென்ரிமீற்றர் அமிழ்ந்துவிட்டது.

அதனால் என்ன என்று கேட்கலாம். உரசும் பரப்புக் கூடி வேகம் போகும், அது சின்ன விஷயம். இணைப்புத் தளத்தின் அடிப்பக்கம் தண்ணீருக்குக் கிட்ட வந்துவிடுவதுதான் பெரிய விஷயம். இரண்டு கூட்டுக்கும் நடுவால் ஓடிவரும் அலை அந்த அடித்தளத்தில் சம்மட்டி மாதிரி அறையும். உள்ளே படுத்திருப்பவருக்குப் படகு உடைந்துவிட்டது போல் இருக்கும். 10, 11 மீற்றர் படகில் பாரம் ஏற்றிய பிறகும் அந்த இடைவெளி 60 சென்ரிமீற்றருக்குக் குறையாமல் இருப்பது நல்லது. விற்பவர் வெறும் படகின் அளவைத்தான் சொல்வார்.

பாரம் கூடினால் நிமிர்த்தும் திருப்பமும் கூடுமே என்று யாராவது கேட்டால், கணக்குப்படி சரிதான். ஆனால் பாரமான அணியம், அதாவது படகின் முன்முனை, அலைக்கு மேல் எழும்பச் சோம்பல்படும். பின்காற்றில் வேகமாக ஓடும்போது அணியம் முன்னாலிருக்கும் அலைக்குள் குத்தினால், படகு முன்பக்கமாகவே புரளவும் கூடும். எனவே பாரத்தை அணியத்தில் குவிக்காமல் நடுவில் வைப்பார்கள்.

இதுவரை வந்ததை இப்படிப் பிடித்துக்கொள்ளலாம்: நிற்பது அகலத்தால், எல்லை வருவது சீக்கிரம், அந்த எல்லையைக் காட்டுவது காற்றுமானி. பாரம் ஏற ஏறப் படகின் நல்ல குணங்கள் ஒவ்வொன்றாகக் கழன்று போகும்.

கவிழ்ந்தால்?

சிறிய போட்டிப் படகுகள் கவிழ்வது அடிக்கடி நடப்பது, இரண்டு பேர் சேர்ந்து நிமிர்த்திவிடுவார்கள். குடும்பமாகப் போகும் 6 தொன் படகு முழுப் பாயோடு கவனமில்லாமல் இருந்தாலோ பெரும் புயல் அலையில் மாட்டினாலோதான் கவிழும். அது அரிது. ஆனால் தலைகீழானால் தலைகீழாகவே கிடக்கும். இந்தப் படகுக்கு அந்த நிலையும் உறுதியான நிலைதான். நல்லது என்னவென்றால், கீழே இழுக்க ஈயம் இல்லை, உடலிலும் நுரைப் பலகை போன்ற இலேசான பொருள்கள் உண்டு. ஆகவே பெரும்பாலும் மிதந்துகொண்டிருக்கும். ஐரோப்பிய ஒன்றியத்து விதிப்படி, கவிழக்கூடிய தங்கும் வசதியுள்ள இவ்வகைப் படகு தலைகீழாகவும் மிதக்க வேண்டும், உள்ளே இருப்பவர் வெளியேற வழியும் இருக்க வேண்டும். சில படகுகளின் கூட்டில் தண்ணீருக்குக் கிட்டத் தெரியும் சின்ன யன்னல் அதற்குத்தான்.

வசதியா, உலுக்கலா?

நீண்ட அலையில் இந்தப் படகு சொகுசு. கிட்டக் கிட்ட வரும் குறுகிய அலையில் அப்படிச் சொல்ல முடியாது. இரண்டு கூடும் வெவ்வேறு நேரத்தில் வெவ்வேறு அலையில் ஏறுவதால் படகு வெடுக்கு வெடுக்கென்று உலுக்கும். முறைப்பாக நிற்கும் படகு அலையின் சரிவை அப்படியே பின்பற்றும், அதன் விலை இது. ஒற்றைக்கூட்டுப் படகின் மெதுவான உருளலுக்குத் தலைசுற்றாதவர்களுக்கும் இதில் சத்தி வருவதுண்டு.

வன்னிக் கரைக்கு வந்தால்

இப்போது அந்த மூன்றாவது பேச்சு. ஈய ஏராவுள்ள 11 மீற்றர் படகுக்கு 1.8 மீற்றருக்குக் குறையாத ஆழம் தேவைப்படுவது வழக்கம். ஜெமினி, அடியில் இறக்கி ஏற்றக்கூடிய தன் நடுப்பலகைகளைத் தூக்கிவிட்டால் 46 சென்ரிமீற்றர் போதும், வற்றில் மணலில் தட்டினாலும் இரண்டு கூட்டிலும் நேராகக் குந்தும். மாஹேக்கும் லகூனுக்கும் 1.1 மீற்றரை ஒட்டி வேண்டும். அந்த வகையில் நாச்சிக்குடா, விடத்தல்தீவுப் பக்கத்து ஆழங்குறைந்த கடலுக்கு இந்த வகைதான் பொருந்தும். ஆனால் அங்கே கடல் முழுக்க வலை. கிராஞ்சி, கௌதாரிமுனைப் பக்கம் கடலட்டைப் பண்ணைகளும் உண்டு. பெரும்பாலும் இரண்டு சுக்கானும், இயந்திரம் சுழற்றும் காற்றாடி இரண்டும் உள்ள இப்படிப்பட்ட படகு வலைக்குள் புகுந்தால் வலைக்காரருக்கும் நட்டம், படகுக்காரருக்கும் நட்டம். குறுகிய அலையைப் பற்றி மேலே சொன்னதும் ஆழங்குறைந்த அந்தக் கடலுக்குத்தான் அதிகம் பொருந்தும்.

கிழக்கே முல்லைத்தீவு திறந்த கரை, துறைமுகம் இல்லை. பைபர் படகுகளையே மணலில் இழுத்து ஏற்றித்தான் வைக்கிறார்கள். 6 தொன் படகை அப்படி ஏற்ற முடியாது, கரையோரத்தில் அலை உடையும் இடத்தில் நங்கூரம் போட்டு விடவும் முடியாது. நந்திக்கடலுக்குள்ளோ நாயாற்றுக்குள்ளோ கொண்டுபோய் விடலாமே என்றால், முகத்துவாரங்களை வறட்சிக் காலத்தில் மணல் மூடிவிடும். மழையில் திறக்கும்போது வெளியே வாடைக் கடல் கொந்தளிக்கும். பாய்மரத்தின் உயரத்தை வைத்துக்கொண்டு வட்டுவாகல் பாலத்தைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

நடக்கக்கூடியது திருகோணமலைத் துறைமுகத்தில் படகை வைத்திருப்பதுதான். அங்கிருந்து முல்லைத்தீவு கடல்வழியாக 90 கிலோமீற்றர் அளவில். மணிக்கு 11 கிலோமீற்றர் ஓடினால் எட்டு மணித்தியாலம், காலையில் வெளிக்கிட்டால் பொழுது படுமுன் வந்துவிடலாம். கடல் அமைதியான மாதங்களில், வானிலை அறிவிப்பைப் பார்த்துவிட்டு. வந்து சேர்ந்த பிறகு கரைக்கு இறங்க வேண்டுமென்றால் உள்ளூர்ப் பைபர் படகு ஒன்றுதான் வெளியே வந்து ஏற்றிப் போக வேண்டும். அதற்கு என்ன கூலி என்பதை முதலிலேயே பேசிக்கொள்வது நல்லது.